கிஸ்தி முதல் கைரேகை வரை: மதுரைச் சீமை ஏன் திருப்பி அடித்தது?

(எபிசோடின் ஒலிப்பதிவைக் கொஞ்சம் சுருக்கி, எழுத்து வடிவத்தில் தந்திருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)



மதுரைக்காரங்களுக்கு கான்சாமேட்டுத் தெரு தெரிஞ்சிருக்கும். அந்தத் தெரு வழியா ஆயிரம் தடவை போயிருப்போம். ஆனா அந்த 'கான்சா' யாருன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்போம். கான் சாகிப். முழுப்பேர் யூசுப் கான். மருதநாயகம்னு சொன்னா இன்னும் சட்டுனு புரியும், கமல்ஹாசன் ஆரம்பிச்சு பாதியில நின்னுபோன படத்தோட நாயகன். சம்மட்டிபுரத்துல அவரோட அடக்கஸ்தலம் இப்பவும் இருக்கு. 1764 அக்டோபர் 15ஆம் தேதி மதுரையிலேயே அவரைத் தூக்குல போட்டாங்க. போட்டது யாரு? சில வருஷம் முன்னாடி "மதுரைக்குப் போய் வரி வசூல் பண்ணு"ன்னு அவரை அனுப்பி வெச்ச அதே ஆளுங்க. ஆற்காட்டு நவாப்பும் கிழக்கிந்தியக் கம்பெனியும்.

தங்களோட சொந்த வசூல்காரனையே தூக்குல போட வேண்டிய நிலைமை ஏன் வந்தது? இன்னைக்கு எபிசோட் அங்கிருந்துதான் தொடங்குது. வரியை ஏத்தினா ஜனங்க கோபப்படுவாங்க, கோபம் முத்தினா கலகம்னு நாம ஸ்கூல்ல படிச்சிருக்கோம். மதுரையைச் சுத்தி நடந்ததைப் பாத்தா அது பாதிக் கதைதான்னு தோணுது. வரி இங்க புதுசே கிடையாது. 'யாரு கேக்குறான், எப்படிக் கேக்குறான், முடியாதுன்னு சொன்னா என்ன பண்ணுவான்' என்கிறதுதான் மாறினது. ஒவ்வொரு தடவை 'முடியாது'ன்னு பதில் வந்தப்பவும், அடுத்த தடவை அப்படிச் சொல்ல முடியாத மாதிரி ஒரு ஒப்பந்தமோ சட்டமோ வந்தது.

முதல்ல பழைய ஏற்பாடு என்னன்னு பாத்துடலாம். 16ஆம் நூற்றாண்டுல விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரைச் சீமையை 72 பாளையங்களா பிரிச்சாங்க. பாளையக்காரர் அந்தப் பகுதியில வரி வாங்குவார், வழக்கு தீர்ப்பார், படை வெச்சிருப்பார். பாடப்புத்தகத்துல வர்ற கணக்குப்படி, வசூல்ல மூணுல ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மிச்சம் தனக்கு. நிஜத்துல அவ்வளவு சுத்தமா நடந்திருக்காது. மழை பொய்ச்சா குறைச்சுக் கட்டுவாங்க. மதுரையில ராஜா பலவீனமா இருந்தா கட்டவே மாட்டாங்க. படை கிளம்பி வந்தா பேசி ஒரு தொகைக்கு முடிப்பாங்க. வரி என்கிறது ஒரு பேரமாத்தான் இருந்தது. மரியாதையும் அந்தப் பேரத்துல ஒரு பகுதி.

இதுல இன்னொரு சொல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும். காவல். ஊர்ச் சொத்துக்கு ஒரு குடும்பமோ ஒரு கூட்டமோ காவல் பொறுப்பு எடுத்துக்கும். அறுவடையில அவங்களுக்கு ஒரு பங்கு தானியம். திருட்டு போனா அவங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும், முடியலைன்னா ஈடு கட்டணும். ஊருக்குள்ள இருந்தா ஸ்தலக் காவல், பாதைகளும் பல ஊர்களும் சேர்ந்தா தேசகாவல். மதுரை டவுன் தெருக்களுக்கே பக்கத்துக் கிராமத்துக் கள்ளர்கள் காவல் பாத்திருக்காங்க.

1736ல நாயக்கர் ஆட்சி முடிஞ்சது. அதுக்கப்புறம் மதுரை தன்னோடதுன்னு சொன்னவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி. சொன்னார், ஆனா வசூல் பண்ண அவருக்குப் படை இல்ல. படை கம்பெனிகிட்ட இருந்தது. 1755ல கர்னல் ஹெரான் தலைமையில ஒரு படை, நவாப்போட அண்ணன் மாபூஸ் கானையும் கூட்டிக்கிட்டு தெற்கே வந்தது. நெற்கட்டும்செவல்ல பூலித்தேவர்கிட்ட கப்பம் கேட்டாங்க. அவர் தரல. கோட்டையை உடைக்கிற அளவுக்குப் பீரங்கி இல்லாம திரும்பிட்டாங்க.

அந்தப் பயணத்துல நடந்த இன்னொரு சம்பவம்தான் எனக்கு இதைவிட முக்கியமாப் படுது. ஒத்தக்கடை தாண்டி திருமோகூர் போயிருப்பீங்க, யானைமலைக்கு அந்தப் பக்கம். தப்பி ஓடின எதிரி ஒருத்தர் அங்க ஒளிஞ்சிருக்கார்னு சொல்லி, ஹெரானோட படை கோயில் கதவை எரிச்சு உள்ள புகுந்து, சாமி சிலைகளையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பணம் கொடுத்தா திருப்பித் தர்றோம்னு பேரம் வேற. திரும்பி வடக்கே போறப்ப நத்தம் கணவாயைத் தாண்டணும். ரெண்டு பக்கமும் காடு, நடுவுல ஒடுங்கின வழி. அங்க காத்திருந்த கள்ளர்கள் பாய்ஞ்சாங்க. 'சாமி, சாமி'ன்னு கத்திக்கிட்டே வந்தாங்கன்னு அந்தக் கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கார். சண்டையில சிலைகளை மீட்டுட்டாங்க. ஹெரானை மதராஸ்ல ராணுவ விசாரணையில நிறுத்தி வேலையை விட்டே தூக்கினாங்க.

கப்பம் கேட்டு வந்த படை, சாமிக்கும் விலை பேசுச்சு. இந்தச் சீமையில கம்பெனியோட முதல் பெரிய அறிமுகமே இதுதான்.

அடுத்துதான் யூசுப் கான். ராமநாதபுரம் பக்கம் பனையூர்ல பிறந்தவர், கம்பெனிச் சிப்பாயா மேல வந்தவர். ஹெரானால முடியாததை இவர் முடிச்சார். பாளையங்களை அடக்கி, வசூலை ஒழுங்குபடுத்தி, குளம் கண்மாய்களைச் சரி பண்ணி, மீனாட்சி கோயிலுக்கு நின்னுபோன மானியத்தையும் திரும்பக் கொடுத்தார். பிறகு மதுரை, திருநெல்வேலி வசூலைக் குத்தகைக்கே எடுத்துக்கிட்டார். அங்கதான் சிக்கல். வசூல் நல்லா வர ஆரம்பிச்சதும், அந்தப் பணம் நேரா யார் கைக்குப் போகணும்னு நவாப்புக்கும் இவருக்கும் முட்டல். கம்பெனி நவாப் பக்கம் சாய்ஞ்சது. 1763ல இவர் வெளிப்படையா எதிர்த்து நின்னார், மதுரைக் கோட்டையை முற்றுகை போட்டாங்க. முதல் வருஷம் பிடிக்க முடியல. கடைசியில கூட இருந்தவங்களே காட்டிக் கொடுத்தாங்க. மீதிக் கதையை முதல்லயே சொல்லிட்டேன்.

இந்த இடத்துல நாம ஒரு நிமிஷம் அமெரிக்கா போய் வரணும். காரணம் இருக்கு. 1767லிருந்து 1769 வரைக்கும் கம்பெனி ஹைதர் அலியோட சண்டை போடுது. அவர் மதராஸ் வாசல் வரைக்கும் வந்துட்டார் என்கிற செய்தி லண்டனுக்குப் போனதும் கம்பெனி பங்கு விலை சரிஞ்சது. அடுத்த வருஷம் வங்காளத்துல கொடும் பஞ்சம். கம்பெனி கடன்ல தத்தளிக்குது, கிடங்குல தேயிலை தேங்கிக் கிடக்குது. அதைக் காப்பாத்தத்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1773ல தேயிலைச் சட்டம் போட்டது: கம்பெனி நேரடியா அமெரிக்காவுல தேயிலை விக்கலாம். தேயிலை விலை உண்மையில குறைஞ்சது! ஆனா ஒரு சின்ன வரி அதுல ஒட்டிக்கிட்டிருந்தது, 'எங்களைக் கேக்காம நீ யாரு வரி போட'ன்னு அங்க இருந்தவங்க கொதிச்சாங்க. 1773 டிசம்பர் 16, பாஸ்டன் துறைமுகத்துல 342 பெட்டித் தேயிலை கடலுக்குள்ள போனது. அது வேற ஏதோ கம்பெனி இல்ல. யூசுப் கானைத் தூக்குல போட்டப்ப கூட நின்ன அதே கம்பெனிதான்.

அந்தப் போர்ல 1781ல யார்க்டவுன்ல சரணடைஞ்ச தளபதி பேர் கார்ன்வாலிஸ். அஞ்சு வருஷத்துல அவர் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா வந்து இறங்குறார். அங்க தோத்துட்டு இங்க புரமோஷன்.

சரி, ஊருக்குத் திரும்புவோம். நவாப் முகமது அலிக்கு இப்ப இன்னொரு தலைவலி, கடன். கடன் கொடுத்தது யாருன்னா மதராஸ்ல வேலை பாத்த கம்பெனி அதிகாரிகளே, தனிப்பட்ட முறையில, கொழுத்த வட்டிக்கு. அடமானம் என்னன்னா, மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி மாதிரி சீமைகள்ல வரப்போற வரி. அதாவது இன்னும் விளையாத நெல்லுக்கு மேல, விதைக்கிறவனுக்கே தெரியாம, மதராஸ்ல ஒருத்தன் வட்டிக் கணக்கு போட்டுக்கிட்டிருக்கான். இது லண்டன்லயே நாறிப்போச்சு. 1785 பிப்ரவரியில எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்துல இந்த ஆற்காட்டுக் கடன் பத்தி ரொம்ப நீளமா ஒரு உரை நிகழ்த்தினார். இதே பர்க்தான் பத்து வருஷம் முன்னாடி அமெரிக்கர்களை வரி போட்டு வதைக்காதீங்கன்னும் வாதாடினவர்.

1792 ஜூலையில கார்ன்வாலிஸ் நவாப்போட ஒரு ஒப்பந்தம் போட்டார். பாளையக்காரங்ககிட்ட இருந்து கப்பம் வசூலிக்கிற உரிமை இனிமே நேரடியா கம்பெனிக்கு. பேருக்கு நவாப்தான் மேலதிகாரி. பாளையக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எங்கயோ ரெண்டு பேர் கையெழுத்து போட்டாங்க, இங்க 'கலெக்டர்'னு ஒரு ஆள் வந்து உக்காந்தார். வெள்ளைக்காரன் காலத்துல கலெக்டர்னா அர்த்தமே அதுதான், வசூல் பண்றவன். நாம அந்த வார்த்தையை இன்னும் விடல.

என்ன மாறிச்சு? தொகை நிலையானது, அதைக் காசா கட்டணும், சொன்ன தேதியில கட்டணும். அதுக்குப் பேர் கிஸ்தி, தவணைன்னு அர்த்தம். இதை எழுதினவங்க வானத்தைப் பாக்கல. கண்மாய்ப் பாசனத்தையும் கரிசலையும் நம்பின ஊர்கள் இது. ஒரு பருவமழை தப்பினா அந்த வருஷக் கணக்கே தப்பும். பழைய ஏற்பாட்டுல பேரம் பேச இடம் இருந்தது. புது ஏற்பாட்டுல 'பாக்கி' என்கிற ஒரு கட்டம் மட்டும்தான் இருந்தது, அதுல நம்பர் ஏறிக்கிட்டே போகும்.

இப்ப கட்டபொம்மன். சிவாஜி பேசின வசனம் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும், அதனால வரியே கட்ட மாட்டேன்னு சொன்ன ஆளாத்தான் அவரை நினைச்சு வெச்சிருக்கோம். ஆவணம் சொல்ற கதை கொஞ்சம் வேற, எனக்கு அது இன்னும் கனமாத் தெரியுது. 1798ல அவர் பாக்கி 3310 பகோடா, நம்ம கணக்குல வராகன். கலெக்டர் காலின் ஜாக்சன் வந்து பாக்கச் சொல்லி ஆணை அனுப்பினார். இவர் குற்றாலத்துக்குப் போறார், அங்க பாக்க முடியாதுன்னு பதில். ஸ்ரீவில்லிபுத்தூர் போறார், அங்கயும் அதே பதில். 23 நாள், 400 மைல், ஊர் ஊரா கலெக்டர் பின்னாடியே போய், கடைசியில செப்டம்பர் 10ஆம் தேதி ராமநாதபுரத்துல பாக்குறார். கணக்கை எடுத்துப் பாத்தா, பெரும்பகுதி கட்டியாச்சு. மிச்சம் 1080 பகோடாதான்.

மூணு மணி நேரம் நிக்க வெச்சே விசாரிச்சார் ஜாக்சன். உக்காரச் சொல்லல. பிடிச்சு வெக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மன் தப்பினார், அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கிட்டார். அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். மதராஸ்ல விசாரணைக் குழு உக்காந்து, தப்பு ஜாக்சன் மேலன்னு சொல்லி அவரைக் கலெக்டர் பதவியில இருந்து எடுத்துட்டாங்க. கதை அதோட முடிஞ்சிருக்கலாம். முடியல. அந்த மூணு மணி நேரத்தை எந்தக் கமிட்டியும் திரும்ப எடுத்துக்க முடியாது. 1799 அக்டோபர்ல கயத்தாறுல அவரைத் தூக்குல போட்டாங்க.

பாளையக்காரர்களும் தியாகச் செம்மல்கள் இல்ல, அதையும் சொல்லிடணும். அவங்களும் குடியானவங்ககிட்ட கறாரா வாங்கினவங்கதான், பக்கத்துப் பாளையத்துல கொள்ளை அடிச்சவங்களும் உண்டு. கம்பெனி பக்கம் நின்ன பாளையங்களும் இருந்தன. ஆனா 1800-01ல நடந்தது ஒரு பாளையத்துச் சண்டை மாதிரி இல்ல. திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சி கோபால நாயக்கர், சிவகங்கையில மருது சகோதரர்கள், ராமநாதபுரம், பாஞ்சாலங்குறிச்சியில மிஞ்சினவங்க, கொங்கு நாடு, மலபார் எல்லாம் ஒரு கூட்டணி. 1801 ஜூன் 16ஆம் தேதி சின்ன மருது பேர்ல ஒரு அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவர்லயும் ஸ்ரீரங்கம் கோயில் சுவர்லயும் ஒட்டப்பட்டது. அதோட சாரம்: வெள்ளைக்காரங்க நவாப்பை ஏமாத்தி நாட்டைத் தங்களோடதா ஆக்கிட்டாங்க, நமக்குள்ள ஒத்துமை இல்லாததுதான் காரணம், எல்லாச் சாதியும் முஸ்லிம்களும் சேர்ந்து எழணும். கிஸ்தி பாக்கியில ஆரம்பிச்ச பேச்சு, இந்த நாடு யாரோடதுன்னு கேக்குற இடத்துக்கு வந்துடுச்சு. அமெரிக்கர்களோட சுதந்திரப் பிரகடனம் வந்து அப்ப 25 வருஷம். இங்க யாரும் அதைப் படிச்சிருக்க வாய்ப்பில்ல.

அமெரிக்கர்கள் ஜெயிச்சாங்க, நம்ம ஆளுங்க தோத்தாங்க. அவங்களுக்குப் பிரெஞ்சு கப்பற்படை வந்தது, இவங்களுக்கு யாரும் வரல. அக்டோபர் 24, திருப்பத்தூர் (சிவகங்கைத் திருப்பத்தூர்) கோட்டையில மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. சின்ன மருதுவோட மகன் துரைச்சாமி உட்பட 73 பேரை 1802 பிப்ரவரியில பினாங்குக்கு நாடு கடத்தினாங்க.

இனி சட்டம். 1801 ஜூலை 31ஆம் தேதி ஒப்பந்தத்தோட ஆற்காட்டுச் சீமை முழுசும் கம்பெனிக்கு. நவாப்புக்கு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கு பென்ஷன். பாளையக் கோட்டைகளை இடிச்சாங்க, ஆயுதங்களைப் பறிச்சாங்க, படைகளைக் கலைச்சாங்க. மிச்சம் இருந்த பாளையங்கள் ஜமீனா மாறின. அதோட நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன காவலும் போச்சு. தேசகாவல் கூலியை அரசாங்கமே தன் வருமானமா எடுத்துக்கிட்டது. ஊரைப் பாதுகாக்க ஊர் கொடுத்த தானியம், இப்ப கஜானாவுக்குப் போற வரி.

காவல்காரன் என்ன ஆனான்? சில இடத்துல விவசாயத்துக்குப் போனான். சில இடத்துல காவலைச் சட்டத்துக்கு வெளியே தொடர்ந்தான். கூலி கொடுக்காத வீட்டு மாடு காணாமப் போகும், துப்புக்கூலி கொடுத்தா திரும்பி வரும். குடியானவங்களுக்கு இது தொல்லைதான், 1896ல திண்டுக்கல் பக்கம் காவலே வேண்டாம்னு கிராமங்கள் திரண்டு கிளம்பினதும் நடந்தது. ஆனா சர்க்கார் இதை ஒரு வேலை பறிபோனதோட விளைவாப் பாக்கல. ஒரு சாதியோட பிறவிக் குணமாப் பாத்தது. அந்தப் பார்வையைச் சட்டமா எழுதினா எப்படி இருக்கும்? குற்றப் பரம்பரைச் சட்டம் மாதிரி இருக்கும். 1871ல வடக்கே வந்த சட்டம், 1911ல திருத்தி மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. 1914லிருந்து பிரமலைக் கள்ளர்கள் மேல படிப்படியாப் பாய்ஞ்சது.

வயசுக்கு வந்த ஆம்பளை எல்லாரும் கைரேகை வெக்கணும். அதான் ஊர்ல இதுக்குப் பேரே ரேகைச் சட்டம். ராத்திரி போலீஸ் கண்ணுக்கு முன்னாடி படுக்கணும். வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டு. கல்யாணம் ஆன அன்னைக்கு ராத்திரியும் மாப்பிள்ளை சாவடியில படுத்த கதை உசிலம்பட்டிப் பக்கம் இன்னும் சொல்லுவாங்க. தப்பு பண்ணினவனுக்குத் தண்டனை என்கிறது வேற, பிறந்ததே தப்பு என்கிறது வேற இல்லையா?

உசிலம்பட்டிக்குத் தெக்கே, சேடப்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர். அந்த ஊர்க்காரங்க நிலத்துல உழைக்கிறவங்க. நாங்க சம்சாரிங்க, எங்க ரேகை எதுக்குன்னு மனு போட்டுப் பாத்தாங்க, பேசிப் பாத்தாங்க. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி விடியக்காலையில போலீஸ் படை ஊரைச் சுத்தி நின்னது. ரேகை வெக்க மாட்டோம்னு ஊர் நின்னது. துப்பாக்கிச் சூடு. 16 பேர் செத்தாங்க. அதுல ஒரு பெண், மாயக்காள். சுடப்பட்டவங்களுக்குத் தண்ணி கொடுக்கப் போனவங்கன்னு ஊர் சொல்லுது. பிடிபட்டவங்களை விலங்கு போட்டு திருமங்கலம் வரைக்கும் நடக்க வெச்சாங்கன்னும் சொல்றாங்க. ஜாலியன்வாலாபாக் நடந்து அப்ப ஒரு வருஷம்கூட ஆகல.

மதுரையில வக்கீலா இருந்த ஜார்ஜ் ஜோசப் இவங்களுக்காக வழக்காடினார். கேரளத்துக்காரர், லண்டன்ல படிச்சவர். கள்ளர் நாட்டு ஜனங்க அவருக்கு வெச்ச பேர் ரோசாப்பூ துரை. அந்தப் பக்கம் இன்னைக்கும் ரோசாப்பூன்னு யாருக்காவது பேர் இருந்தா, அது பெரும்பாலும் இவர் ஞாபகமாத்தான். மதராஸ் மாகாணத்துல சட்டம் ரத்தானது 1947 ஜூன்ல, சுதந்திரத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி.

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாப்ல: "அண்ணே, இதெல்லாம் முடிஞ்சுபோன கதைதானே?" தம்பி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள்ல கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இப்பவும் நடக்குது, அந்தப் பேரோட தொடக்கமே ரேகைச் சட்டக் காலம்தான். 1979ல தமிழ்நாடு அரசு ஒரு ஆணை போட்டு, 'சீர்மரபினர் பழங்குடி' என்கிறதுல 'பழங்குடி'யை எடுத்துட்டு 'சமூகம்'னு மாத்துச்சு. டிஎன்டி, டிஎன்சி ஆச்சு. ஒரு எழுத்துதான், ஆனா மத்திய அரசுச் சலுகைக்கு எந்த எழுத்து சான்றிதழ்ல இருக்கணும்னு பல வருஷம் போராடினாங்க. 2019ல மாநிலத்துக்கு ஒண்ணு, மத்திய அரசுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சான்றிதழ் தர்றதா முடிவாச்சு. அப்ப ஒரே குடும்பத்துக்கு ரெண்டு பேர் ஆச்சு. பெருங்காமநல்லூர்ல 16 பேருக்கும் நினைவுத்தூண் இருக்கு. ஏப்ரல் 3 அன்னைக்கு அங்க போனா, இந்தச் சான்றிதழ் பேச்சும் காதுல விழும்.

அடுத்த எபிசோட்ல முல்லைப் பெரியாறு. பென்னி குயிக் அணை கட்டின கதை பாதிப் பேருக்குத் தெரியும், அந்தத் தண்ணிக்கு முதல் வரி யாரு கட்டினாங்க என்கிற கதையோட வர்றேன்.